திராட்சை ஸ்குவாஷில் சோடியம் பென்சோயேட்: போடலாமா, எவ்வளவு?

கேள்வி: கம்பத்துக்குப் பக்கத்தில் வீட்டிலேயே பன்னீர் திராட்சை ஸ்குவாஷும் நெல்லிக்காய் ஸ்குவாஷும் போட்டு விற்கிறேன். சோடியம் பென்சோயேட் ஒரு ஸ்பூன் போட்டால் ஆறு மாதம் கெடாது என்று எசென்ஸ் கடைக்காரர் சொன்னார். அப்படியே போட்டு வந்தேன். ஆனாலும் போன மாதம் போட்ட திராட்சை ஸ்குவாஷில் பாதி பாட்டில் நுரைத்து மூடி தெறித்துவிட்டது. சுகர் இருப்பவர்கள் கேட்டார்கள் என்று அந்தத் தடவை சர்க்கரையைக் குறைத்திருந்தேன். இதற்கிடையில் இந்த உப்பு கேன்சரைக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நாத்தனார் காட்டுகிறார். நான் இதைப் போடுவதா, விடுவதா? நெல்லிக்கும் இதையே போடலாமா? பாதாம் பால் பாட்டிலில் போட்டுத் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். அதிலும் இதைப் போட்டால் நிற்குமா?
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

பதிலை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திராட்சைக்குப் போடலாம், ஆனால் ஸ்பூனில் அல்ல, தராசில் நிறுத்து. நெல்லிக்கு இது வேண்டாம், அதற்கு வேறொன்று இருக்கிறது. பாதாம் பாலில் போடவே கூடாது. உங்கள் நாத்தனாரின் பயத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அந்தப் பங்கு உங்கள் நெல்லிக்காய் பாட்டிலோடுதான் சம்பந்தப்பட்டது. இனி ஒவ்வொன்றாக.

சோடியம் பென்சோயேட் வேலை செய்ய வேண்டுமானால் புளிப்பு இருக்க வேண்டும். பழச்சாற்றில் உள்ள அமிலம் இந்த உப்பைப் பென்சாயிக் அமிலமாக மாற்றுகிறது. ஈஸ்ட்டையும் பூஞ்சணத்தையும் அடக்குவது அந்தப் பென்சாயிக் அமிலம்தான். அப்படியானால் அதையே நேராகப் போடலாமே என்று கேட்பீர்கள். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராம் சொச்சம் கரைந்தால் அதிகம். சோடியம் உப்பாக இருந்தால் அதே தண்ணீரில் 500 கிராமுக்கு மேல் கரையும். அதனால்தான் கடையில் உப்பு வடிவத்தில் விற்கிறார்கள்.

பென்சாயிக் அமிலம் பிரியாமல் முழு மூலக்கூறாக இருக்கும்போதுதான் ஈஸ்ட் செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைய முடியும். செல்லுக்குள் புளிப்பு குறைவு. அங்கே போனதும் அது பிரிந்து அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலத்தை வெளியே தள்ளுவதிலேயே ஈஸ்ட்டின் சக்தி தீர்ந்துபோகும். ஓட்டைப் படகில் ஓயாமல் தண்ணீர் இறைப்பவனால் துடுப்புப் போட முடியாதல்லவா, அதுபோல அந்த ஈஸ்ட்டுக்கு வளரவும் பெருகவும் தெம்பு இருக்காது.

எவ்வளவு முழு மூலக்கூறாக நிற்கும் என்பதைப் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். பி.எச். 3 இருந்தால் போட்டதில் 94 சதவீதம் வேலைக்கு வரும். 4.2 என்றால் சரி பாதி. 5 என்றால் 14 சதவீதம்கூட இல்லை. 6 என்றால் 2 சதவீதத்துக்கும் கீழே. அதாவது அதே ஒரு ஸ்பூன் உப்பு ஒரு பாட்டிலில் காவல் காக்கும், இன்னொரு பாட்டிலில் சும்மா கிடக்கும். குளிர்பானங்களிலும் ஊறுகாயிலும் தக்காளி சாஸிலும் இது இவ்வளவு புழங்குவதற்குக் காரணம் அவை எல்லாமே புளிப்பானவை என்பதுதான்.

அப்புறம், உங்கள் பாட்டில் ஏன் நுரைத்தது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு மூன்று காரணங்கள் தோன்றுகின்றன.

முதலாவது சர்க்கரை. ஸ்குவாஷ் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் நம் நாட்டு விதிப்படி பழச்சாறு குறைந்தது 25 சதவீதமும், கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் (பெரும்பாலும் சர்க்கரைதான்) குறைந்தது 40 சதவீதமும் இருக்க வேண்டும். இந்த 40 ருசிக்காக மட்டும் வைத்ததல்ல. சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறது. அதைக் குறைத்துவிட்டால் மொத்தச் சுமையும் பென்சோயேட்டின் தலையில் விழுகிறது. சுகர் இருப்பவர்களுக்கு ஸ்குவாஷே ஏற்றதல்ல என்று நேராகச் சொல்லிவிடுங்கள். குறைந்த சர்க்கரை பானம் செய்ய முடியாது என்பதில்லை. ஆனால் அதைப் பாட்டிலோடு சூடாக்கிக் கிருமி நீக்க வேண்டும். அது தனித் தொழில்நுட்பம். ஸ்குவாஷ் முறையில் சர்க்கரையை மட்டும் வெட்டினால் அது வராது.

இரண்டாவது, ஆரம்பத்திலேயே ஈஸ்ட் அதிகமாக இருந்திருக்கும். திராட்சைத் தோலில் இயற்கையாகவே காட்டு ஈஸ்ட் உண்டு. வெடித்த பழங்களில் அது எக்கச்சக்கமாகப் பெருகியிருக்கும். சட்டம் அனுமதிக்கும் அளவில் இந்த உப்பு ஈஸ்ட்டைக் கொல்வதைவிட வளரவிடாமல் நிறுத்தி வைக்கிறது என்பதே சரி. கூட்டம் பெரிதாக இருந்தால் அது தோற்றுப்போகும். அதிலும் சைகோசாக்கரோமைசிஸ் பெய்லி என்று ஓர் ஈஸ்ட் இருக்கிறது. பென்சோயேட்டையும் தாங்கும், சர்க்கரையையும் தாங்கும், புளிப்பையும் தாங்கும். பெரிய பானத் தொழிற்சாலைகளையே திணறடிக்கும் கிருமி இது. இதற்கு மருந்து சுத்தம் மட்டும்தான். வடிகட்டும் துணியை ஒவ்வொரு முறையும் கொதிக்கவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பழைய பாட்டில் என்றால் கழுவியபின் கொதிநீரில் போட்டு எடுங்கள். மூடி எப்போதும் புதிதாக இருக்கட்டும். பழத்தை வாங்கிய அன்றே பிழியுங்கள். ராத்திரி முழுக்கச் சாறாக வைத்துவிட்டு மறுநாள் சர்க்கரைப்பாகு காய்ச்ச வேண்டாம். நசுக்கிய திராட்சையைக் கொதிக்கவிடாமல் 70 டிகிரி வரை சூடாக்கிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்தால் நிறமும் நன்றாக இறங்கும், ஈஸ்ட்டில் பெரும்பகுதியும் செத்துவிடும்.

மூன்றாவது அந்த ஸ்பூன். ஸ்பூனில் குவித்து அள்ளினால் ஒரு அளவு, தட்டி எடுத்தால் ஒரு அளவு. தூளாக வாங்கியதும் குருணையாக வாங்கியதும் ஒரே எடை நிற்காது. சட்டம் கேட்பது கிராம் கணக்கு. ஒருநாள் குறைவாக விழுந்து ஸ்குவாஷ் கெடும், மறுநாள் அளவுக்கு மேல் விழுந்து நீங்கள் சட்டத்தை மீறியவராவீர்கள். அரை கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். உங்கள் தொழிலில் நீங்கள் செய்யப்போகும் மிக உபயோகமான செலவு இதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கு இப்படி. ஸ்குவாஷுக்கு இந்திய விதிகள் நெடுங்காலமாக வைத்திருக்கும் உச்சவரம்பு ஒரு கிலோவுக்கு 600 மில்லிகிராம். ஆனால் இது பென்சாயிக் அமிலக் கணக்கு. நீங்கள் நிறுப்பது சோடியம் உப்பு. 1.18 கிராம் உப்பு 1 கிராம் அமிலத்துக்குச் சமம். ஆக 10 கிலோ ஸ்குவாஷுக்கு வரம்பு ஏறத்தாழ 7 கிராம் உப்பு. நீங்கள் 6 கிராம் போடுங்கள். அது கிலோவுக்கு 508 மில்லிகிராம் பென்சாயிக் அமிலமாக நிற்கும். வரம்புக்குள்ளும் இருப்பீர்கள், புளிப்பு சரியாக இருந்தால் வேலையும் நடக்கும். இந்த அளவை மற்றப் பொருள்களுக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள். கலக்காமல் அப்படியே குடிக்கும் பானத்துக்கு 120, ஊறுகாய்க்கு 250, தக்காளி சாஸுக்கு 750 என்று பொருளுக்குப் பொருள் வரம்பு மாறும். புதிய பொருள் ஒன்றைத் தொடங்குமுன் நடப்பில் இருக்கும் பட்டியலை உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்த உப்பைச் சாற்றில் நேராகக் கொட்டக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீர் 100 மில்லியில் முழுதாகக் கரைத்து, ஸ்குவாஷைக் கிளறிக்கொண்டே கடைசியில் மெல்ல ஊற்ற வேண்டும். தூளாகப் போட்டால் புளிப்பு மிகுந்த இடத்தில் அது சட்டென்று பென்சாயிக் அமிலமாகி, கரையாமல் வெள்ளை ஊசிகளாக ஒதுங்கிவிடும். பாட்டிலின் கழுத்தில் அப்படிப் படிந்ததைப் பூஞ்சணம் என்று நினைத்துத் திருப்பித் தந்த வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டிலில் கூடுதலாகவும் இன்னொன்றில் ஒன்றுமே இல்லாமலும் போவதும் இதனால்தான். உங்கள் பாதி பாட்டில் மட்டும் கெட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பி.எச். 3.5-க்குக் கீழே இருக்கும்படி சிட்ரிக் அமிலம் சேருங்கள். பேனா அளவில் பி.எச். மீட்டர் கிடைக்கிறது. அதனோடு வரும் 4, 7 கரைசல்களில் வைத்துச் சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நாக்கை நம்ப வேண்டாம். சர்க்கரை புளிப்பை மறைத்துவிடும். திராட்சை ஸ்குவாஷுக்குப் புளிப்பேற்ற எலுமிச்சைச் சாறு பிழிபவர்கள் உண்டு. பென்சோயேட் போடும் பாட்டிலில் அதைத் தவிர்த்து சிட்ரிக் அமிலமே சேருங்கள். காரணம் அடுத்துச் சொல்லும் நெல்லிக்காய் விஷயத்தில் இருக்கிறது.

சோடியம் பென்சோயேட்டும் வைட்டமின் சியும் ஒரே பாட்டிலில் சேர்ந்து, கூடவே துளியளவு இரும்போ செம்போ இருந்து, வெயிலும் சூடும் பட்டால் பென்சாயிக் அமிலம் உடைந்து பென்சீன் உண்டாகலாம். பென்சீன் ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு இந்தச் சிக்கல் 1990-லேயே தெரியவந்தது. 2005-க்குப் பிறகு அவர்கள் கடைகளில் பானங்களை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இல்லை அல்லது அவர்களுடைய குடிநீர் வரம்பான நூறு கோடியில் 5 பங்குக்குக் கீழேதான் இருந்தது. பத்துப் பொருள்களில் மட்டும் அதைத் தாண்டியிருந்தது. அந்தப் பத்தில் ஒன்பதில் பென்சோயேட்டும் வைட்டமின் சியும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பத்தாவது, பென்சோயேட்டே சேர்க்காத கிரான்பெரி பானம். அந்தப் பழத்தில் பென்சாயிக் அமிலம் தானாகவே இருக்கிறது, வைட்டமின் சி மட்டும் மேலே சேர்த்திருந்தார்கள். பிறகு நிறுவனங்கள் தங்கள் கலவையை மாற்றிக்கொண்டன.

இப்போது உங்கள் நெல்லிக்காயை நினைத்துப் பாருங்கள். வைட்டமின் சிக்குப் பேர்போன காய். நம் ஊர் வெயில். கடைக்காரர் பாட்டிலை வாசலில் அடுக்கி வைப்பார். இரும்பு வாணலியோ செம்புப் பாத்திரமோ பட்டிருந்தால் உலோகமும் சேர்ந்துவிடும். எல்லாப் பாட்டிலிலும் பென்சீன் உண்டாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வேதிவினைக்குத் தேவையான அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வேறு நல்ல வழியும் இருக்கும்போது, இதைச் செய்ய ஒரு காரணமும் இல்லை. நெல்லிக்கும் எலுமிச்சைக்கும் சோடியம் பென்சோயேட் போடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த வேறு வழி கே.எம்.எஸ். என்று சொல்லும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். அதிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு கிருமிகளை அடக்குவதோடு வைட்டமின் சி வீணாகாமலும், சாறு பழுப்பாகாமலும் காக்கும். நெல்லிக்கு இரண்டுமே வேண்டும். வரம்பு கிலோவுக்கு 350 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு. 10 கிலோவுக்கு 5 கிராம் கே.எம்.எஸ். போட்டால் 290-க்குள் நிற்கும். ஸ்குவாஷ் நன்றாக ஆறியபின் சேருங்கள். சூட்டில் சேர்த்தால் வாயு பறந்துவிடும். பிரித்து வெகுநாளான பொட்டலத்தில் வீரியம் குறைந்திருக்கும். லேபிளில் சல்ஃபைட் இருப்பதைக் கட்டாயம் எழுதுங்கள், ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது மூச்சிரைப்பைக் கொண்டுவரும். திராட்சைக்கு மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள், அந்த அழகான ஊதா நிறத்தை வெளுத்துவிடும். நிறமுள்ள பழத்துக்குப் பென்சோயேட், வெளிர் நிறப் பழத்துக்குக் கே.எம்.எஸ். என்று பயிற்சிகளில் சொல்லித்தருவது இதற்காகத்தான்.

உங்கள் நாத்தனாரிடம் என்ன சொல்வது? பென்சீன் பற்றிச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். அதோடு இதையும் சொல்லுங்கள். பென்சாயிக் அமிலம் நம் உடம்பில் தங்குவதில்லை. கல்லீரல் அதைக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. பட்டையிலும் கிராம்பிலும்கூட அது இயற்கையாகவே இருக்கிறது. பிறவிக் கோளாறால் ரத்தத்தில் அமோனியா ஏறும் குழந்தைகளுக்குச் சோடியம் பென்சோயேட்டையே மருந்தாகக் கொடுக்கிறார்கள், உணவில் சேருவதைவிடப் பல மடங்கு அதிகமாக. (பூனைக்கு இந்தத் திறன் மிகக் குறைவு. வீட்டில் பூனை இருந்தால் அதற்கு இந்த ஸ்குவாஷை வைக்காதீர்கள்.)

பாதுகாப்பான அளவுக்கும் கணக்கு உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் ஆராய்ந்துவிட்டு, உடல் எடையில் கிலோவுக்கு தினம் 5 மில்லிகிராம் என்ற பழைய வரம்பையே வைத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2021-ல் அதை 20 வரை உயர்த்தியது. நாம் குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம். ஒரு டம்ளர் பானத்துக்கு உங்கள் ஸ்குவாஷ் 50 கிராம் ஊற்றினால் அதில் ஏறத்தாழ 25 மில்லிகிராம் இருக்கும். ஒரு டம்ளருக்குப் பயமில்லை. ஆனால் அதே குழந்தை அன்றைக்கே பாட்டில் குளிர்பானமும் குடித்து, சாஸும் ஊறுகாயும் சாப்பிட்டால் கூட்டிக்கொண்டே போகும். தினமும் குடிக்கும் பானமாக இதை யாருக்கும் சொல்லி விற்காதீர்கள்.

குழந்தைகளின் துறுதுறுப்பு பற்றியும் அந்த வாட்ஸ்அப்பில் வந்திருக்கக்கூடும். 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு அது. செயற்கை நிறங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்து கொடுத்தபோது சில குழந்தைகளிடம் அமைதியின்மை கூடியது. கலவையாகக் கொடுத்ததால் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐரோப்பாவில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது அந்த ஆய்வில் பயன்படுத்திய ஆறு செயற்கை நிறங்களுக்குத்தான், பென்சோயேட்டுக்கு அல்ல. பன்னீர் திராட்சைக்கு நீங்கள் நிறமே சேர்க்கத் தேவையில்லை என்பது உங்களுக்குக் கிடைத்த வரம். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தோல் தடிப்பு அடிக்கடி வரும் சிலருக்கு மட்டும் பென்சோயேட் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. லேபிளில் பெயரைத் தெளிவாக எழுதினால் அவர்கள் பார்த்து ஒதுங்கிக்கொள்வார்கள்.

இந்தச் சண்டை நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1902-ல் அமெரிக்க அரசின் வேதியியலாளர் ஹார்வி வைலி, இளைஞர்களைத் தினமும் உட்காரவைத்து, பதப்படுத்தும் பொருள்கள் கலந்த சாப்பாட்டைக் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார். அவர் பென்சோயேட் கூடாது என்றார். பின்னால் வந்த நிபுணர் குழு குறைந்த அளவில் தீங்கில்லை என்றது. எனக்கு இதில் பிடித்த பகுதி ஹெய்ன்ஸ் கெச்சப்தான். மற்றவர்கள் அழுகல் கலந்த தக்காளியைப் பென்சோயேட் போட்டுத் தாங்கவைத்த காலத்தில், அந்த நிறுவனம் நன்றாகப் பழுத்த தக்காளியும் கூடுதல் வினிகரும் கூடுதல் சர்க்கரையும் போட்டு, இடத்தைச் சுத்தமாக வைத்து, பென்சோயேட் இல்லாமலே கெச்சப்பை நிற்கவைத்தது. நீங்களும் ஒருநாள் அங்கே போகலாம். பாட்டிலைச் சூட்டோடு நிரப்பி, வெந்நீரில் வைத்துக் கிருமி நீக்கும் வசதி வந்துவிட்டால் திராட்சைக்கு இந்த உப்பும் தேவைப்படாது. அதுவரை அளவாகப் போடுவதில் தப்பில்லை. பூஞ்சணமும் நுரையும் வந்த பாட்டில் எந்த வகையிலும் அதைவிட ஆரோக்கியமானது அல்ல.

பாதாம் பால் விஷயத்தில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பாலின் பி.எச். 6.6 அளவில் இருக்கும். அங்கே நீங்கள் போடும் பென்சோயேட்டில் நூற்றுக்கு ஒன்றுகூட வேலைக்கு வராது. அதோடு பாலைக் கெடுப்பவை முக்கியமாகப் பாக்டீரியாக்கள். பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாக இருந்துகொண்டே விஷமாகக்கூடிய பொருள் அது. கடைகளில் மாதக்கணக்கில் நிற்கும் பாதாம் பால் பாட்டில்கள் உயர் அழுத்தத்தில், 100 டிகிரிக்கு மேல் சூடாக்கப்பட்டவை. அந்தக் கருவி இல்லாமல் வீட்டில் செய்வதென்றால் குளிரவைத்து அன்றன்றைக்கே விற்றுவிடுங்கள். கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்லுங்கள்.

லேபிளில் சோடியம் பென்சோயேட்டுக்கு உரிய ஐ.என்.எஸ். 211 என்ற எண்ணையும் (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண் வரிசை அது), பதப்படுத்தும் பொருள் சேர்ந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். கே.எம்.எஸ். என்றால் எண் 224. வாங்கும்போது உணவுத் தரம் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். சில்லறையாக உருவிப் பொட்டலம் கட்டித் தருவதை, விலை குறைந்தாலும், வாங்காதீர்கள்.

கடைசியாக, நுரைத்துப்போன பாட்டில்கள். அவற்றில் இன்னொரு ஸ்பூன் உப்பு போட்டோ திரும்பக் கொதிக்கவைத்தோ விற்க நினைக்க வேண்டாம். இன்னும் தெறிக்காதவை இருந்தால் குழந்தைகளை விலக்கிவிட்டு, மேலே தடிமனான ஈரத்துணியைச் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடியை மெல்லத் திறந்து கொட்டிவிடுங்கள். கண்ணாடிப் பாட்டில் உள்ளழுத்தத்தில் வெடிக்கும். அடுத்த தடவை 5 கிலோ மட்டும் போடுங்கள். உப்பு 3 கிராம். பி.எச்., சர்க்கரை அளவு, தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு பாட்டிலை விற்காமல் வீட்டிலேயே சூடான இடத்தில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். அவை தெளிவாக நின்றால் அளவைக் கூட்டுங்கள். நிற்காவிட்டால் அந்த நோட்டுக் கணக்கோடு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.